ஒரு துண்டுக்கு இரண்டு கடைவாய்ப் பற்கள்

என் வாயில் வலது பக்கம், கீழ் வரிசையில், கடைசிக்கு முந்தைய இடம் காலியாக இருக்கிறது. அக்கம்பக்கத்தாரும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போய்விட்டதால் இப்போது அந்த இடத்துக்கென்று தனி மரியாதை எதுவும் இல்லை. ஆனால் அது காலியானபோது எனக்கு வயது இருபத்தெட்டு. மற்றப் பற்களெல்லாம் பணியில் இருந்தன. நானும் கண்டியில் ஒரு சுகாதாரக் கந்தோரில் கிளாக்கராகப் பணியில் இருந்தேன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் தொடங்கி எந்த மேசையில் உறங்கும், எந்த வாசகம் இருந்தால் கடிதம் திரும்பி வரும், எந்த முத்திரை இருந்தால் வராது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அந்தப் பல் போனதற்கு அந்த அறிவுதான் காரணம்.

என் மனைவிக்கு வந்த பல்வலியில் என் பல் எப்படிப் போனது என்று பிள்ளைகள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரு விதமாகவும் அவள் ஒரு விதமாகவும் சொல்லுவோம். அவள் சொல்லுவதுதான் உண்மைக்குக் கிட்ட. ஆனால் எழுதுகிறவன் நான்.

முப்பதுகளின் தொடக்கம் அது. அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்திய வருஷம் ஒன்று நான்காம் மாதத்திலேயே போய்விட்டது. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதே இரண்டு பேருக்கும் ஒரு முழுநேர வேலையாக இருந்தது. இந்த முறை அவள் படி இறங்கும்போது ஒரு கையால் சுவரையும் மறு கையால் வயிற்றையும் பிடித்துக்கொள்வாள். தும்மல் வந்தால்கூட நான்தான் அனுப்பினேன் என்பதுபோல என்னைப் பார்ப்பாள். எங்கள் சாதி சனத்தில் மனைவி கர்ப்பமாக இருக்கும்போது கணவன் முடி வெட்டுவதில்லை, சவரம் செய்வதில்லை. ஆகவே எனக்கும் நாலு மாதத் தாடி. என் வெள்ளைக்கார மேலதிகாரி ஒரு நாள் உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டார். மதசம்பந்தமானது என்றேன். மேளச் சத்தத்துக்கும் திடீர் விடுமுறைக்கும் எப்படித் தலையாட்டுவாரோ அப்படியே அதற்கும் தலையாட்டினார்.

வலியைத் தொடக்கிவைத்தது ஒரு பொரிவிளங்காய் உருண்டை. பிலிமத்தலாவையில் கடை வைத்திருந்த என் மாமனார் வீட்டிலிருந்து மாமியார் மகளுக்கென்று ஒரு டின் நிறையச் செய்து அனுப்பியிருந்தார். அந்த உருண்டையைச் சுவரில் எறிந்தால் சுவருக்குத்தான் சேதம். மனைவி இரண்டாவது உருண்டையைக் கடித்தாள். கடித்தபடியே நின்றாள். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்தாள். இடது கடைவாயில் ஏற்கெனவே ஒரு சொத்தை இருந்திருக்கிறது. உருண்டை அதன் கூரையை இடித்து உள்ளே இறங்கிவிட்டது.

அன்று நானும் ஒரு உருண்டை தின்றேன். நான் எப்போதும் இடது பக்கமாகவே மெல்லுவேன். வலது பக்கத்தில் எனக்கும் ஒரு விஷயம் இருந்தது. கந்தோரில் தீர்க்க விருப்பமில்லாத விஷயங்களை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைப்பது வழக்கம். அதை நான் அப்படி வைத்திருந்தேன்.

மகளுக்குப் பல்வலி என்று கேள்விப்பட்டு மாமியார் பஸ் பிடித்து வந்தார். வாயைத் திறந்து பார்த்தார். கவலைப்படவே இல்லை.

“இது பிள்ளை எடுக்குற பல்லுடி,” என்றார். “நான் அஞ்சு பெத்தேன். அஞ்சு பல்லு போச்சு. உனக்கு ஒண்ணு போகுது. இதுக்குப் போயி ஆஸ்பத்திரி, டாக்டருன்னு அலைவாங்களா?”

“அப்ப போகட்டும் அத்தை. போகுற பல்லை நாமளே எடுத்துட்டா என்ன?” என்றேன்.

“மாப்பிள்ளை, வயித்துல பிள்ளை இருக்குறப்ப ஒடம்புல இருந்து ஒண்ணைப் புடுங்கினா, பின்னாலேயே இன்னொண்ணும் வந்துரும். பேறுகாலம் முடியட்டும். அதுவரைக்கும் கத்தியும் வேணாம், குறடும் வேணாம்.”

இன்னொன்றும் வந்துரும் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி வாயை மூடினாள். அதற்குப் பிறகு ஐந்து வாரம் அவள் வாயை யாருக்கும் திறந்து காட்டவில்லை.

அந்த ஐந்து வாரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த வைத்தியங்களை நான் ஒரு கோப்பில் எழுதி வைத்தேன். உண்மையாகவே கோப்பு. ஹந்தானைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த சொந்தக்காரர்கள் சாராயத்தில் நனைத்த பஞ்சு கொண்டுவந்தார்கள். மிச்சச் சாராயத்தை அவர்களே பத்திரமாகத் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஒருவர் கண்டங்கத்திரி விதையைத் தணலில் போட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கச் சொன்னார். இன்னொருவர் வெள்ளைக்காரத் தலைவலி மாத்திரையைப் பல்லின் பக்கத்திலேயே ஒட்டி வைக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அக்காதான் கொஞ்சம் உருப்படியாக நாலு கிராம்பு தந்தார். திகனயிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பம் அது. வீட்டுக்காரர் பலசரக்கு வியாபாரி.

“தங்கச்சி, இந்தக் கராம்ப அந்தப் பல்லுக்குக் கிட்ட வச்சி மெதுவா கடிச்சிக்கிட்டு ஈங்க. கொஞ்சம் விறைக்கும்,” என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பி, “கிளாக்கர் தம்பி, கராம்பு வலியத்தான் அடக்கும், சொத்தைய அடைக்காது. கூட்டிக்கிட்டுப் போங்களேன். எங்கட ரெண்டாவது மகன் வயித்துல ஈக்கக்குள்ளதான் எனக்கும் ஒண்டு புடுங்கின. அவன் இப்ப எங்க ஈக்கான்னு தெரியுமா?”

“எங்கே?”

“உங்கட கூரையில. ரெண்டு ஓடு உடைச்சிட்டான். அதச் சொல்லத்தான் வந்தேன்.”

மனைவி சிரிக்கப் பார்த்தாள். கன்னம் இடம் கொடுக்கவில்லை.

கன்னம் வீங்கத் தொடங்கியிருந்தது. சோறு போய்க் கஞ்சி வந்தது; கஞ்சி போய்க் கஞ்சித் தண்ணீர் வந்தது. பிலிமத்தலாவையில் வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு கிண்டுவதற்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அதைத் தின்ன வேண்டியவள் ஒரு கோப்பைக் கஞ்சியை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அந்தக் கஞ்சிதான் பயம். பிள்ளைக்கு வேண்டி அவள் பல்லைத் தொடவிடவில்லை. பல்லைத் தொடவிடாததால் பிள்ளைக்கு ஒன்றும் போகவில்லை. இதை ஒரு கடிதமாக எழுதியிருந்தால் இரண்டே வரியில் முடிவு எழுதிவிடுவேன். வீட்டில் அப்படி முடிவு எழுத முடியவில்லை.

கடைசியில் எங்கள் கந்தோரைச் சேர்ந்த மருத்துவமாதுவிடம் சொன்னேன். சிங்கள அம்மா. தெருத்தெருவாக நடந்து கர்ப்பிணிகளைப் பார்ப்பதுதான் அவர் வேலை. குடை, கறுப்புப் பை, பெரிய சப்பாத்து. தமிழைத் தன் வசதிக்கு வளைத்துப் பேசுவார்; அவருக்கு நான் மாத்தயா, என் மனைவி நோனா, குழந்தை பபா, வேண்டாம் என்பதற்கு எபா. மறுநாளே வீட்டுக்கு வந்தார். மனைவியை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். மருத்துவமாது அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

“மாத்தயாவ பாக்க எபா, நோனா. மாத்தயாகிட்ட பல் இல்ல இப்ப. என்ன பாருங்க.”

வாய் திறந்தது. மருத்துவமாது எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டினார். பிறகு வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், கேட்டார், சிரித்தார். “பபா நல்லம். பல்தான் நல்லம் இல்ல.”

அதற்குப் பிறகு அவர் சொன்னதை நான் கோப்பில் இலக்கம் போட்டு எழுதினேன். சாராயப் பஞ்சு வேண்டாம். புகை வேண்டவே வேண்டாம். யார் கொடுத்த மாத்திரையும் தன்னைக் கேட்காமல் வேண்டாம். இளஞ்சூட்டு உப்புநீர் ஒரு நாளைக்கு நாலைந்து தரம் கொப்பளிக்கலாம். பல் விளக்குவதை நிறுத்தக் கூடாது. வலிக்கிற பக்கத்தையும் மெல்ல விளக்க வேண்டும். கராம்பு கடிக்கலாம், எண்ணெயாக ஊற்ற வேண்டாம். படுக்கும்போது தலையணையை ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். ஆனால் இதெல்லாம் பல் வைத்தியரிடம் போகும்வரைக்கும்தான்.

“ஆனா அம்மா, புடுங்கினா பிள்ளைக்கு…” என்றாள் மனைவி.

“நோனா, பல்லுக்கு அடியில சீழ் இருக்கு. அது ரத்தத்துல போகும். காய்ச்சல் வரும். பபாவுக்கு அதுதான் நல்லம் இல்ல. பல் புடுங்கினா பபாவுக்கு என்ன? பபா பல்லில தொங்கிட்டா இருக்கு?” என்றார். “ஆறு மாசம் நல்ல நேரம். இந்தக் கிழமையே போங்க. வெறும் வயித்துல போக எபா. சாப்பிட்டுப் போங்க.” பல் வைத்தியருக்கு ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார்: இத்தனை மாதக் கர்ப்பம், முன்னர் ஒரு இழப்பு, இப்போது தாயும் பிள்ளையும் நலம், பல்லுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாம்.

அவர் போனபின் மனைவி நீண்ட நேரம் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “காட்டுறதுக்கு மட்டும்தான் வருவேன். புடுங்கணும்னு சொன்னாங்கன்னா எந்திரிச்சு வந்துருவேன். நீங்க ஒண்ணும் பேசக்கூடாது.”

சரி என்றேன். அதுவே பெரிய காரியம். இனிச் செய்ய வேண்டியது நடைமுறை மட்டும்தான். நடைமுறை என் கையில் இருந்தது. அங்கேதான் நான் சறுக்கினேன்.

ஊரில் இருந்த பல் வைத்தியசாலைகளில் ஒன்றுக்கு முன்கூட்டியே எழுதிப் போட்டால் நாளும் நேரமும் குறித்து ஒரு துண்டு வரும். துண்டு என்றால் கையகலக் கடதாசிதான். ஆனால் அது இல்லாமல் கதிரை கிடையாது. நான் எழுதினேன். என் இங்கிலீஷின் உச்சத்தில் எழுதினேன். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பல் ஒன்று ஐந்து வாரமாகக் கடும் வலி தருவதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவரும் பாக்கியம் பெற்றேன் என்று தொடங்கி, தங்கள் மிகக் கீழ்ப்படிந்த ஊழியன் என்று முடித்தேன். இடையில் அந்தத் தாடை யாருடையது என்று எழுதவில்லை. மறந்துபோய் அல்ல. முன்பின் தெரியாத ஓர் ஆணுக்கு என் மனைவியின் பெயரையும் அவள் நிலைமையையும் கடதாசியில் எழுதுவதா? எங்கள் வீடுகளில் மனைவி கணவன் பெயரை வாயால் சொல்லமாட்டாள். கணவன் மனைவியின் பெயரைத் தபாலில் போடமாட்டான். விண்ணப்பதாரர் குடும்பத் தலைவர். கையொப்பம் என்னுடையது. மருத்துவமாதுவின் கடிதத்தை நான் இணைக்கவில்லை. இணைப்புகளைக் கேட்டால்தான் கொடுக்க வேண்டும் என்பது கந்தோர்ப் பழக்கம். அதைக் கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் துண்டு வந்தது. என் பெயரில்.

குறித்த நாளில் ஒரு ரிக்ஷாவில் அவளை ஏற்றிவிட்டு நான் பக்கத்தில் நடந்தேன். குளத்தங்கரையில் பனி இன்னும் விலகவில்லை. குளிருக்குக் கழுத்திலிருந்து காதுவரை மப்ளர் சுற்றியிருந்தேன். ஐந்து வாரக் கவலையில் கன்னம் ஒட்டி, ஐந்து மாதத் தாடியோடு, தலையைச் சுற்றி மப்ளரோடு, கையில் என் பெயர் எழுதிய துண்டோடு நான் போனேன். அவளோ நல்ல நீலச் சேலை கட்டி, முந்தானையால் தலையையும் கன்னத்தையும் போர்த்தி, ரிக்ஷாவில் ஒரு ராணியைப்போல உட்கார்ந்திருந்தாள். வைத்தியசாலைப் படியை மிதித்ததும் எல்லோருக்கும் நடப்பது அவளுக்கும் நடந்தது.

“வலி போச்சுங்க,” என்றாள். “துப்புரவாப் போச்சு. வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

“துண்டு எடுத்தாச்சு,” என்றேன்.

உள்ளே பியோன் என் பெயரைக் கூப்பிட்டான். நிலைமையை விளக்கலாம் என்று எழுந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள். வைத்தியர் யாழ்ப்பாணத்தவர். உயரமான மனிதர். கைகளைக் கழுவிக்கொண்டே என்னைக் கண்ணாடியில் பார்த்தார்.

“அஞ்சு கிழமையோ? பார்க்கவே தெரியுது. சவரம் செய்யவும் ஏலாமல் போச்சுது என்ன? பாவம். இருங்கோ கதிரையில.”

“இல்லை ஐயா, விண்ணப்பதாரர் நான்தான். ஆனால் நோயாளி…”

“துண்டில கிடக்கிற பேர் ஆற்றை?”

“என்னுடையதுதான்.”

“பிறகென்ன? வந்த உடனே எல்லாருக்கும் வலி நிண்டுபோம். இருங்கோ, இருங்கோ.”

நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும். அவள் கதவோரத்தில் நின்று அந்தக் கதிரையையும் குறடு வரிசையையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள்: “ஆமாங்க டாக்டர். இவரு சாப்பிடுறப்ப ஒரு பக்கமாத்தான் மெல்லுவாரு. மூணு வருசமா. கேட்டா ஒண்ணுமில்லைம்பாரு.”

அவள் அதைக் கவனித்திருக்கிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அலுமாரியின் கீழ்த்தட்டைத் திறந்துவிட்டாள். வைத்தியர் என் தோளை அழுத்தினார். வாய் திறந்தது.

“கடவுளே!” என்றார் வைத்தியர் மகிழ்ச்சியோடு. “இதை வச்சுக்கொண்டு நீர் எப்படிச் சோறு சாப்பிட்டனீர்? இது காப்பாற்றுகிற பல் இல்லை. எடுப்பம்.”

நான் மறுத்திருக்கலாம். துண்டை ரத்துச் செய்து புதிய விண்ணப்பம் போட எனக்கு மூன்று வழி தெரியும். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். ஐந்து வாரமாக நான் அவளுக்குத் தைரியம் சொல்லி வந்தேன். பல் பிடுங்குவது ஒன்றுமே இல்லை என்று எத்தனையோ தரம் சொன்னேன். என் வாயில் எல்லாப் பல்லையும் பத்திரமாக வைத்துக்கொண்டு சொன்னேன். இப்போது அவள் சாட்சி கேட்டு நின்றாள். நான் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி குத்தியது. அது உண்மை. பிறகு உதடு எங்கேயோ போய்விட்டது. பிறகு யாரோ பக்கத்து அறையில் ஒரு மேசையை நகர்த்துவதுபோல ஒரு சத்தம், ஒரு அழுத்தம். கிண்ணத்தில் ‘டிக்’ என்று விழுந்தது. அவ்வளவுதான்.

வைத்தியர் என் வாயில் பஞ்சு வைத்து, “அரை மணித்தியாலம் இறுக்கிக் கடியுங்கோ. கதைக்கக் கூடாது,” என்றார்.

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். “வலிச்சுதா?”

தலையை இல்லை என்று ஆட்டினேன்.

“பொய்யா?”

மறுபடியும் ஆட்டினேன். ஒரு கையொப்பம் அசலா என்று நான் பார்ப்பதுபோல அவள் என் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என்னால் ஒரு வார்த்தையும் பேச முடியவில்லை. அதனால்தானோ என்னவோ முதல் தடவையாக அவள் என்னை முழுக்க நம்பினாள். முந்தானையைக் கன்னத்திலிருந்து எடுத்தாள்.

“டாக்டர், துண்டு மாறிப்போச்சு. அஞ்சு வாரமா வலி எனக்குத்தான்.”

வைத்தியர் அவளுடைய வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். கிண்ணத்தில் கிடந்த என் பல்லைப் பார்த்தார். நான் கோட்டுப் பையிலிருந்து மருத்துவமாதுவின் கடிதத்தை எடுத்து மரியாதையாக நீட்டினேன். அவர் வாசித்தார். கடதாசியை மேசையில் வைத்துவிட்டு ஒரு கதிரையில் உட்கார்ந்தார். தோள்கள் குலுங்கின. பியோன் பயந்துபோய் எட்டிப் பார்த்தான்.

“ஐசே, இதை முதலே தந்திருக்கலாமே!” என்றார் கண்ணைத் துடைத்தபடி. “உம்மட பல்லும் போகவேண்டிய பல்தான், அதால நான் தப்பிச்சன்.”

பிறகு எழுந்து புதிய துண்டு ஒன்று எடுத்து, “தங்கச்சி, உங்கட பேர் என்ன?” என்றார். அவளுடைய பெயர் அன்றைக்கு முதன்முதலாக ஒரு கடதாசியில் ஏறியது. நான் எழுதவில்லை; அவளே சொன்னாள்.

கதிரையில் உட்காருமுன் அவள் கேட்டாள்: “அந்த ஊசி மருந்து பிள்ளைக்குப் போயிறாதுங்களா?”

இதற்கு அவர் சிரிக்கவில்லை. “இது பல் இருக்கிற இடத்தை மட்டும் விறைக்கச் செய்யிற மருந்து. அளவாத்தான் போடுவன். அந்தச் சீழை உள்ள விட்டு வைக்கிறதுதான் உங்களுக்கும் பிள்ளைக்கும் கூடாது. வலியோட நீங்கள் சாப்பிடாமல் இருக்கிறதும் கூடாது. காலமை சாப்பிட்டனீங்களோ?”

“கஞ்சி குடிச்சேன்.”

“நல்லது. மல்லாக்கக் கனநேரம் கிடக்கவேண்டாம். இந்தத் தலையணையை இந்தப் பக்கம் வச்சுக்கொள்ளுங்கோ. மூச்சு முட்டினாலோ தலை சுத்தினாலோ கையைத் தூக்குங்கோ, நான் உடனே நிப்பாட்டுவன்.”

அவள் கை தூக்கவில்லை. ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தாள். மற்றக் கை என் மப்ளரின் நுனியைப் பிடித்திருந்தது. ஊசி போட்டதும் அந்த நுனி ஒரு தரம் இறுகியது. பிறகு தளர்ந்தது. கிண்ணத்தில் இரண்டாவது ‘டிக்’. சீழும் கொஞ்சம் வந்தது. அதைப் பார்த்து வைத்தியர் திருப்தியாகத் தலையாட்டினார். “இவர்தான் இத்தினை நாளும் உங்களை ஆட்டினவர்.”

பஞ்சு வைத்து எங்களை வெளி வராந்தாவில் கிடந்த நீளப் பலகை வாங்கில் உட்கார வைத்தார்கள். அவள் இடது கன்னம், நான் வலது கன்னம். இருவரும் வாயை இறுக்கிக் கடித்துக்கொண்டு குளத்தைப் பார்த்திருந்தோம். பனி விலகிவிட்டது. தண்ணீரில் மலை தலைகீழாக நின்றது. பார்த்தவர்களுக்கு நாங்கள் சண்டை போட்டுக்கொண்ட புருஷன் பெண்டாட்டியாகத் தெரிந்திருக்கும்.

ஆனால் அவள் குளத்தைப் பார்க்கவில்லை என்று கொஞ்சநேரத்தில் கண்டுகொண்டேன். இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக் காத்திருந்தாள். காலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. அவள் சொல்லவில்லை, சொல்ல முடியாது, பஞ்சு. ஆனால் எனக்குத் தெரிந்தது. போன வருஷம் அவள் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். மாமியாரின் சொல் எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து வாங்கில் உட்கார்ந்தது. ஒன்றைப் பிடுங்கினால் பின்னாலேயே இன்னொன்று. நான் படித்தவன். அதை நம்புகிறவன் அல்ல. எனக்கும் தாடிக்குள் வியர்த்தது.

வாசலில் ஒரு மாட்டு வண்டி போயிற்று. பியோன் வந்து இன்னொரு பெயரைக் கூப்பிட்டான். யாரோ ஒரு பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. மணிக்கூட்டைப் பார்க்கப் பயமாக இருந்தது.

திடீரென்று அவள் நிமிர்ந்தாள். கண் அகலத் திறந்தது. ஒரு விரலைத் தூக்கினாள். ஒன்று. காத்திருந்தாள். இரண்டாவது விரல். பிறகு மூன்றும் நான்கும் சேர்ந்து எழும்பின. உள்ளே இருந்தவர் கஞ்சி வந்து சேர்ந்ததைக் கண்டுகொண்டார் போலிருக்கிறது, ஒரே குதி. அவள் என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். பட்டப்பகலில், வராந்தாவில், பியோனுக்கு முன்னால். அதற்கு முன்னும் பின்னும் வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. உள்ளங்கையில் ஓர் உதை விழுந்தது. எனக்கு என்னென்னவோ சொல்ல வேண்டும்போலிருந்தது. பஞ்சைக் கடித்துக்கொண்டு, “ம்ம்,” என்றேன். அவளும், “ம்ம்ம்,” என்றாள். அவ்வளவு நல்ல உரையாடலை நாங்கள் அதற்குப் பிறகு நடத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அடுத்த நாளிலிருந்து உப்புநீர். நாலாம் நாள் வீக்கம் வடிந்தது. ஒரு கிழமையில் அவள் குழைந்த சோறும் பருப்பும் தின்றாள். பிறகு மீன் தின்றாள். பிறகு பக்கத்து வீட்டு அக்கா அனுப்பிய வட்டிலாப்ப இனிப்பை எனக்கு ஒரு கரண்டி வைத்துவிட்டு மிச்சத்தை முழுக்கத் தின்றாள். அக்கா மகன் உடைத்த இரண்டு ஓடுகளையும் நான் பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

வளைகாப்பன்று பிலிமத்தலாவையில் ஐந்து வகைச் சோற்றையும் அவள் இரண்டு சுற்று வாங்கித் தின்றதை மாமியார் கண்குளிரப் பார்த்தார். நாங்கள் செய்ததை அவருக்குச் சொல்லவில்லை. ஆனால் சிரித்தபோது இடைவெளி தெரிந்துவிட்டது.

“பாத்தியா? நான் சொன்னேன்ல. பிள்ளை எடுத்துக்கிருச்சு. தானா விழுந்துருச்சுல்ல?” என்றார் வெற்றியோடு.

“ஆமாம்மா. தானா,” என்றாள் என் மனைவி.

மாமியார் என்னைப் பார்த்தார். நானும் ஏதோ பேச வாயைத் திறந்திருந்தேன். அவர் என் வலது கீழ் வரிசையைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அவருடைய சாஸ்திரத்தில் அப்பன் பல்லுக்கு இடம் இல்லை. எனக்கு இன்னொரு கரண்டி புளிச்சோறு வைத்தார்.

குறித்த மாதத்தில் மகள் பிறந்தாள். மருத்துவமாதுதான் கையில் வாங்கினார். “பாருங்க மாத்தயா, ஒரு பல்லும் எடுக்கல,” என்று பிள்ளையின் வெறும் ஈறைத் திறந்து காட்டினார். தீட்டுக் கழிந்த மறுநாளே நான் சவரம் செய்தேன். அடுத்த நாள் கந்தோருக்குப் போனபோது பியோன் என்னை அடையாளம் தெரியாமல் வாசலில் நிறுத்தி, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டான். மகள் பிறந்திருக்கிறாள் என்று சொல்லவே வந்தேன் என்றேன்.

ஏழாம் மாதத்தில் மகளுக்குக் கீழ் ஈறில் முதல் பல் எட்டிப் பார்த்தது. என் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

“ரெண்டு பல்லை வாங்கிக்கிட்டு ஒண்ணுதான் திருப்பித் தந்திருக்கா, பாருங்க.”

அடுத்த கிழமை இரண்டாவதும் வந்தது.